ஒன்றரை மணிக் கோழி

செல்வாம்பாளுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்த புருஷன் தணிகாசலத்துக்கே இந்த ரகசியம் தெரியாது என்றால் ஊராருக்கு எங்கே தெரியப்போகிறது? அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பன்னிரண்டு வயதில் பஞ்சாலைக்குள் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே நேரம் என்பது முள்ளில் இல்லை, சங்கில் இருந்தது. சங்கு ஊதினால் உள்ளே போக வேண்டும், சங்கு ஊதினால் கஞ்சி குடிக்க வேண்டும், சங்கு ஊதினால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். நூல் சுற்றும் பகுதியில் இருபத்திரண்டு வருஷம் அப்படியே ஓடிப்போயிற்று. சுவரில் ஒரு பெரிய கடிகாரம் மாட்டியிருந்தது உண்மைதான். அது மேஸ்திரிக்காக மாட்டியது.

ஆலையில் ஆள் குறைத்தபோது புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருடைய பெயர்களும் பட்டியலில் இருந்தன. தணிகாசலத்துக்கு ஏற்கெனவே நெஞ்சில் பஞ்சுத்தூசி இறங்கிவிட்டது. பத்தடி நடந்தால் இருமல், பதினோராவது அடியில் உட்கார்ந்துவிடுவான். இனிமேல் அந்த வீட்டில் உலை கொதிக்க வேண்டுமானால் அவள்தான் போய் வர வேண்டும். அந்த நேரத்தில் கை கொடுத்தவள் கன்னியம்மாள். முதலியார்பேட்டையில் ஒரே தெரு, ஆலையிலும் பக்கத்துப் பக்கத்து இடம். நூல் அறுந்ததற்காக மேஸ்திரி செல்வாம்பாளை ஏசினால், இவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனிடம் சண்டைக்குப் போவாள். ஆலையை விட்டு ஒரு வருஷம் முன்னதாகவே வெளியே வந்து, மதாம் ஒர்த்தான்ஸ் என்ற அம்மாளிடம் சமையல் வேலையில் சேர்ந்திருந்தாள். அந்த அம்மாளின் சிநேகிதி வீட்டுக்கும் ஆள் வேண்டும் என்று தெரிந்ததும், செல்வாம்பாளைக் கையோடு அழைத்துக்கொண்டு போய் நிறுத்தினாள்.

அந்தச் சிநேகிதி மதாம் லெயோந்தீன். துய்மா வீதியில் வீடு. பெயரைக் கேட்டு வெள்ளைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். நம்மைப் போலவே மாநிறம், நம்மைப் போலவே ரசம் பிசைந்து சாப்பிடுவார். பாட்டனார் காலத்திலேயே பிரெஞ்சுக் குடிமகனாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்ட குடும்பம். புருஷனுக்குச் சைகோனில் பெரிய உத்தியோகம். அங்கே சண்டையில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றதும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். முசியே என்றுதான் வேலைக்காரர்கள் அவரைச் சொல்வார்கள்; இப்போது அவருக்குக் கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் வேலை. சைகோனில் மூன்று சமையல்காரர்கள் இருந்தபடியால் மதாம் கரண்டி பிடித்தே பார்த்ததில்லை. கரண்டி பிடிக்காதவர்களுக்குத்தான் சமையலில் கருத்து அதிகம்.

"மணி பார்க்கத் தெரியுமா?" என்று மதாம் முதல் நாள் கேட்டார்.

"தெரியும் மதாம்" என்று செல்வாம்பாள் சொல்லிவிட்டாள். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. இல்லை என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

மூன்று வருஷம் அந்தப் பொய்யால் ஒரு தொந்தரவும் வரவில்லை. கரி அடுப்பில் சூப்பும் குழம்பும் வைப்பதற்குக் கடிகாரம் எதற்கு? மூக்கு போதும். வெந்ததை மூக்கு சொல்லும், மீதியை விரல் சொல்லும். ஐம்பத்தெட்டாம் வருஷம் தைப் பொங்கல் கழிந்து இரண்டு சாமான்கள் வீட்டுக்குள் வந்தன. அன்றைக்குப் பிடித்தது சனி.

ஒன்று, ஊரை விட்டுப் போன வெள்ளைக்காரக் குடும்பத்திடமிருந்து வாங்கிய இரும்புப் பெட்டி அடுப்பு. மண்ணெண்ணெயில் எரிவது; உள்ளே தட்டை வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். அந்த வீட்டில் அதை ஃபூர் என்பார்கள். இன்னொன்று, கப்பலில் ஐஸ் அறையிலிருந்து முசியே வாங்கிவந்த கோழி. மரத்தூள் மூட்டையைப் பிரித்து அதை மேஜையில் வைத்தபோது டக்கென்று சத்தம் கேட்டது. செல்வாம்பாள் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். கோழியா, அம்மிக் குழவியா?

கோழியோடு ஒரு அட்டையும் வந்தது. மதாம் அதைக் குசினியில், அதாவது சமையலறையில், சுவரில் பசை போட்டு ஒட்டி, சுவிசேஷம் வாசிப்பது மாதிரி வாசித்தார். "ஐஸ்ல இருந்து எடுத்து நேரா ஃபூர்ல வைக்கணும். கோழிக்கு ஒன்றரை மணி. ஐஸ் விடவே கூடாது, இளகவே கூடாது. ஐஸ் விட்ட கறி விஷம், தெரிஞ்சிக்கோ. சைகோன்ல எங்க பக்கத்து வீட்டுப் பட்டாளத்துக் கப்பித்தேன் அப்பிடித்தான் ஒரே ராத்திரியில போனாரு."

முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த மதாம், பதினொரு மணிக்குக் கோழியை உள்ளே வைக்கச் சொன்னார். செல்வாம்பாள் பன்னிரண்டு மணிச் சங்கைக் கேட்டாள். அதற்குப் பிறகு அரை மணி நேரம் என்பது எத்தனை பெரியது என்று தன் கணக்கில் வைத்து எடுத்துவிட்டாள். வெளியே பார்த்தால் பொன்னிறம். முசியே கத்தியை இறக்கினார். எலும்போரம் ரத்தமும், நடுவில் நறநறவென்று ஐஸும். முசியே தட்டைத் தள்ளிவிட்டு ரொட்டியைத் தின்றார்.

"மணி பார்த்தியா இல்லியா?" என்றார் மதாம்.

"பார்த்தேன் மதாம்."

அட்டையின் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அச்சடித்தது பொய் சொல்லுமா? கடிகாரம் தெரியாத தன் மேல்தான் தப்பு என்று நினைத்தாள். அடுத்த வாரம் ஒரு தந்திரம் செய்தாள். மதாம் குசினிக் கடிகாரத்தில் ஒன்றரை மணி நேரத்தை விரலால் காட்டியபோது, பெரிய முள் எத்தனை சுற்று, எங்கே வந்து நிற்கும் என்பதை ஒரு நூலில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். கண்ணை எடுக்காமல் முள்ளையே பார்த்து நின்றாள். சரியாக அந்த இடம் வந்ததும் எடுத்தாள். இந்தத் தடவை அடுப்பில் தீ கொஞ்சம் கூடுதல், தோல் கருகியிருந்தது. உள்ளே அதே ஐஸ்.

"இன்னொரு தடவை இப்பிடி ஆச்சுன்னா நான் வேற ஆள் பாத்துக்குவேன்" என்றார் மதாம். கத்தவில்லை. கத்தியிருந்தால் செல்வாம்பாளுக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவளுக்கு ஆலைதான் ஞாபகம் வந்தது. மழையில் நனைந்த பஞ்சுப் பொதியை வெயிலில் போடுவார்கள். மேலே பொரிந்து கிடக்கும், கையை உள்ளே விட்டால் சொதசொதவென்று இருக்கும். எத்தனை வெயில் அடித்தாலும் பொதியைப் பிரிக்காமல் காயாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்! அச்சடித்தவன் எந்த ஊரில் எந்த அடுப்பை வைத்து அச்சடித்தானோ. இந்த அடுப்பில் இந்தக் கல்லுக் கோழி ஒன்றரை மணியில் வேகாது. முதலில் ஐஸ் விட வேண்டும்.

இதை மதாமிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஐஸ் விட்ட கறி விஷம் என்று சத்தியம் செய்கிறவரிடம், அட்டை தப்பு என்று ஒரு ஆலைக்காரி எப்படிச் சொல்வாள்? இரண்டு தடவை சறுக்கியவள் மூன்றாம் தடவை வாயைத் திறந்தால், வேலைக்கு வக்கில்லாமல் வாய் பேசுகிறாள் என்பார்கள்.

அதனால் திருட்டுத்தனமாகச் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மதாமும் முசியேவும் கப்ஸ் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போனதும், ஐஸ் பெட்டியிலிருந்து கோழியை எடுத்துத் துணியில் கட்டிக் கிணற்றுத் தண்ணீரில் அமுக்கி வைப்பாள். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பாள். பூசை முடிந்து அவர்கள் நாலு பேரிடம் பேசிவிட்டு வருவதற்குள் கோழி தளர்ந்துவிடும். துடைத்து, பெட்டியின் ஓரத்தில் படிந்திருக்கும் ஐஸைச் சுரண்டி அதன் மேல் பூசி, பழையபடி உள்ளே வைத்துவிடுவாள். பதினொரு மணிக்கு மதாம் பார்க்க எடுத்து ஃபூரில் வைப்பாள். மதாம் பச்சைக் கறியைத் தொடமாட்டார், வாடை ஆகாது. அந்த மட்டும் பிழைப்பு ஓடியது.

கோழி பூப்போல வெந்தது. முசியே இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எல்லாம் சரி, செல்வாம்பாளின் நிம்மதிதான் போயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் சாப்பிட்டு முடித்ததிலிருந்து அவள் காது வீட்டுக்குள்ளேயே இருக்கும். முசியே இருமினால் திடுக்கிடுவாள். மதாம் வயிற்றைத் தடவினால் ஓடிப்போய்க் கதவோரம் நின்று பார்ப்பாள். அந்தக் கப்பித்தேனை அவள் பார்த்ததே இல்லை, ஆனாலும் கனவில் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். திங்கட்கிழமை காலையில் அந்த வீட்டு வாசலுக்கு வரும்போது உள்ளே அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் தள்ளுவாள். கரணம் தப்பினால் மரணம் என்று கழைக்கூத்தாடிக்குச் சொல்வார்கள். அவனாவது எப்போதோ ஒரு நாள் கயிற்றில் ஏறுகிறான், இவளுக்கு வாராவாரம்.

இப்படி எட்டு மாதம் போயிற்று. அவள் எதிர்பார்க்காத ஒன்று அதற்குள் நடந்துவிட்டது. கோழிக்குக் கிடைக்க வேண்டிய புகழெல்லாம் அட்டைக்குப் போயிற்று. "எல்லாம் அந்தக் காகிதந்தான்! அதுல இருக்கிறபடி வெச்சா ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது" என்று மதாம் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அழகான கையெழுத்தில் நகல் எடுத்து, தெரிந்த வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார். ஒரு நகல் மதாம் ஒர்த்தான்ஸ் வீட்டுக்கும் போயிற்று; அங்கேயும் ஒரு ஃபூரும் கப்பல் கோழியும் வந்து சேர்ந்திருந்தன.

அந்த வீட்டுக் குசினியில் இருந்தவள் கன்னியம்மாள். அவளுக்குக் கடிகாரம் தெரியும், எழுத்தும் கொஞ்சம் தெரியும். அதனாலேயே அட்டையில் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தாள். முதல் கோழி உள்ளே பச்சை. இரண்டாவது கோழியும் பச்சை. மூன்றாவது கோழி அந்த வீட்டு முசியேவின் பிறந்தநாளுக்கு, பத்துப் பேர் விருந்துக்கு வந்திருக்கும்போது; அதுவும் பச்சை.

மறுநாள் தெருக் குழாயடியில் கன்னியம்மாள் குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவள், அன்றைக்கு மெதுவாகப் பேசினாள். "ஏன்டி செல்வா, ஒங்கிட்ட மட்டும் அது எப்பிடிடி வேகுது? எங்க மதாம் தெனம் ஒன்னையே சொல்லிக் காட்டுறாங்க. நான் என்னாடி தப்புப் பண்றேன்?"

செல்வாம்பாள் உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தாள். ஆனால் கன்னியம்மாளுக்கு ஓட்டை வாய் என்று தெரு முழுக்கத் தெரியும். கோபம் வந்தால் தன் மதாமிடமே போட்டு உடைத்துவிடுவாள். அது துய்மா வீதிக்கு வர எத்தனை நேரம் ஆகும்? செல்வாம்பாள் தன் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "முள்ள நல்லாப் பாத்து வையிக்கா, வேகும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். கடிகாரம் தெரியாதவள் தெரிந்தவளுக்குச் சொன்ன புத்தி! வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கியபோது தண்ணீர் பாதிதான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மதாம் சொன்னார். "நாளைக்கு ஒர்த்தான்ஸ் கன்னியம்மாவையும் கூட்டிக்கிட்டு வர்றாங்க. பதினோரு மணிக்கு நீ ஐஸ்ல இருந்து எடுக்கும்போதே அவ பக்கத்துல நின்னு பாக்கணும். ஒங்கிட்ட சரியா வந்துச்சுன்னா தப்பு அவ மேலதான். நாளையோட அவளை அனுப்பிடப் போறாங்களாம்." கொஞ்சம் நிறுத்தி, "என் பேரைக் காப்பாத்து" என்றும் சொன்னார்.

கோழி வெந்தால் கன்னியம்மாளுக்கு வேலை போகும். வேகாவிட்டால் தனக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மதாம் பூசைக்குப் போனபின் செல்வாம்பாள் ஐஸ் பெட்டியின் முன் நின்றாள். பேசாமல் இப்படியே விட்டுவிடலாமே, பதினொரு மணிக்குக் கல்லாகவே உள்ளே வைத்தால் அட்டையின் பவிஷு தானாக வெளியே வந்துவிடுமே என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள். தணிகாசலத்தின் இருமல் காதில் கேட்டது. எட்டு மாதமாகப் பழகின கை. கோழியை எடுத்துத் துணியில் சுற்றியது. வாளித் தண்ணீரில் அமுக்கியது. அவள் அழுதுகொண்டேதான் தண்ணீரை மாற்றினாள், ஆனாலும் மாற்றினாள்.

பதினொரு மணிக்கு இரண்டு மதாம்களும் குசினியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மதாம் ஒர்த்தான்ஸ் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கன்னியம்மாள் சுவரோரம் நின்று செல்வாம்பாளின் கையையே பார்த்தாள். மேலே ஐஸ் பூசிய கோழி தட்டில் ஏறி உள்ளே போயிற்று. ஒன்றரை மணி நேரம் மதாம் ஒர்த்தான்ஸ் மடியில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெந்த வாசனை வந்தபோது, வழக்கமாக அந்த வாசனையில் ஒரு மூச்சு விடும் செல்வாம்பாள் அன்றைக்கு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

மேஜையில் வைத்து மதாம் லெயோந்தீன்தான் வெட்டினார். எலும்பு வரைக்கும் வெள்ளை வெளேரென்று வெந்திருந்தது. மதாம் ஒர்த்தான்ஸ் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, கதவோரம் நின்ற கன்னியம்மாளைப் பார்த்தார்.

"பாத்தியா? அதே கோழி, அதே காகிதம். கவனம் வேணும், அதுதான் ஒங்கிட்ட இல்ல. சாயங்காலம் வந்து ஒன் துணிமணிய எடுத்துக்கிட்டுப் போயிடு."

கன்னியம்மாள் சண்டை போடுவாள் என்று செல்வாம்பாள் நினைத்தாள். போட்டிருந்தால் இவள் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பாளோ என்னவோ. ஆனால் மேஸ்திரியை எதிர்த்து நின்ற அந்தக் கன்னியம்மாள் முந்தானையைத் திருகிக்கொண்டு, "சரிங்க மதாம். என் மேலதான் தப்பு" என்றாள்.

செல்வாம்பாளுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"அக்கா மேல தப்பில்ல மதாம். நான் காலைலயே தண்ணியில ஊற வெச்சேன். ஐஸ் விட்டப்புறந்தான் உள்ள வெச்சேன். அந்தக் காகிதத்துல இருக்கிற மாதிரி வெச்சா யாரு வெச்சாலும் வேகாது."

மதாம் லெயோந்தீன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "ஐஸ் விட்ட கறியா? எத்தினி நாளா?"

"எட்டு மாசமா மதாம். எனக்கு மணியும் பார்க்கத் தெரியாது. மொத நாளு பொய் சொல்லிட்டேன்."

மதாம் ஒர்த்தான்ஸ் சிலுவை போட்டுக்கொண்டார். மதாம் லெயோந்தீனின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. எட்டு மாதம் விஷம் தின்றும் சாகாமல் இருக்கிறோமே என்று அவர் சந்தோஷப்பட்டிருக்கலாம். அவருக்கு நெஞ்சில் தைத்தது அதுவல்ல. எத்தனை வீட்டுக்கு நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்!

"போ. இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதே" என்றார்.

செல்வாம்பாள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து மடித்து வைத்தாள். அதற்குள் மதாம் ஒர்த்தான்ஸ் கோழியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்கு வந்துடுறியா?" என்று கேட்டார். சிநேகிதி பக்கத்தில் இருக்கிறாரே என்ற கூச்சம்கூட இல்லை.

"வேணாம் மதாம். நான் செஞ்சத அக்காவே செய்யும். தண்ணியில போடணும், அவ்ளோதான் வித்தை."

மதாம் ஒர்த்தான்ஸ் கழற்றிய கடிகாரத்தைக் கையில் மாட்டிக்கொண்டார். "சரி, கன்னியம்மா, நீ நாளைக்கு வழக்கம்போல வா" என்றார்.

இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வெளியே வந்தார்கள். வெயில் சுட்டது. பெரிய வாய்க்கால் தாண்டும் வரைக்கும் கன்னியம்மாள் தரையைப் பார்த்தே நடந்தாள். நன்றி சொல்ல வார்த்தை தேடுகிறாள் என்றுதான் செல்வாம்பாள் நினைத்தாள். வேலை போன துக்கத்திலும் அவளுக்கு மனசு லேசாக இருந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக யார் வயிற்றைப் பற்றியும் கவலைப்படாத ஞாயிற்றுக்கிழமை. தணிகாசலத்திடம் என்ன சொல்வது என்று வீட்டுக்குப் போய் யோசித்துக்கொள்ளலாம்.

கன்னியம்மாள் நின்றாள்.

"அன்னிக்குக் கொழாயடியில ஒன்னைக் கேட்டேன்ல?"

"ஆமாக்கா."

"முள்ளப் பாத்து வையின்னியே."

செல்வாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். "பயம்க்கா. மதாமுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்னு பயம்."

"மதாமுக்குப் பயந்தே, சரி. வயித்துப் பொழப்பு, யாருக்குத்தான் பயமில்ல?" கன்னியம்மாளின் குரல் உடைந்தது. "எனக்குமாடி பயந்தே?"

செல்வாம்பாள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இரண்டு மதாம்களுக்கு முன்னால் வந்த வார்த்தை இப்போது வரவில்லை. கன்னியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தனியாக முன்னால் நடந்தாள். செல்வாம்பாள் பத்தடி தள்ளிப் பின்னால் நடந்தாள்.